பால்மரமும் பாலமும்

பகாவ் வட்டாரத்துக் கெல்பின், செயின்ட் ஹெலியர் முதலிய தோட்டங்களில் தமிழர் விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, உளியோடு நிரைக்குச் சென்றனர். மங்கில் சொட்டிய பாலைச் சேர்த்து வாளிகளில் சுமந்தனர். அப்பால் உந்துவண்டிச் சக்கரமானதை எல்லாரும் அறிவர். அது பாலத்தைத் தாங்கும் மெத்தையும் ஆனதை அறிந்தோர் சிலரே.

பினாங்குத் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் இரண்டாவது பாலம் 2014 மார்ச்சு முதல் நாள் திறக்கப்பெற்றது. 24 கிலோமீட்டர் நீளத்தில் கடல்மீது செல்வது 16.9 கிலோமீட்டர். கப்பல் செல்லும் நடுப்பகுதி நீங்கலாக, கடல்மீதுள்ள பாலம் கான்கிரீட்டுத் துண்டுகளால் ஆனது. முன்னரே வார்த்த பெட்டி வடிவத் துண்டுகள் பதினான்கைத் தூண்களுக்கிடையே வரிசையாகத் தொங்கவிட்டு, எஃகு வடங்களைச் செலுத்தி இறுக்கினால் 55 மீட்டர்க் கண் ஒன்று உருவாகும். இவ்வாறு கோக்கப்பட்டவை 8,092 துண்டுகள். மணிமாலை போன்றது எனலாம். ஆயின் மாலைக்கு நிலநடுக்கம் பற்றிய கவலை இல்லை.

2004 டிசம்பர் 26இல் சுமத்திராக் கடலில் எழுந்த நடுக்கமும் பினாங்குக் கரையை அடித்த பேரலையும் அக்கவலையைப் பொறியாளர்க்கு உணர்த்தின. ஆகவே துண்டுகளால் ஆன மேற்பகுதியைத் தூணோடு இறுகப் பிணைக்காமல், இடையே இயற்கை இரப்பர் மெத்தைகளை அமைத்தனர். இரப்பர்த் தகடும் எஃகுத் தகடும் மாறிமாறி ஒட்டப்பெற்ற இம்மெத்தை, மேலிருந்து வரும் பாரத்திற்கு நசுங்காது. பக்கவாட்டு அசைவிற்கோ நெகிழ்ந்து கொடுக்கும். இரப்பரில் சேர்க்கப்படும் கரித்தூள் முதலியன அசைவின் ஆற்றலை விழுங்கிவிடும்.

இது திடீரென வந்த அறிவன்று. 1957இலேயே இங்கிலாந்தின் லிங்கன் நகரப் பாலமொன்றில் இரப்பர் மெத்தை இடப்பெற்றது. நடுக்கத்தை அடக்கும் வகை, 1985இல் கலிபோர்னியாவின் நீதிமன்றக் கட்டடமொன்றில் இடம்பெற்றது. பினாங்கின் முதற்பாலம் திறக்கப்பெற்றதும் அவ்வாண்டே. இவ்வாய்வுகளை வளர்த்தது இங்கிலாந்தில் இயங்கிய மலேசிய இரப்பர் ஆய்வகம். அதற்கான பொருளோ, ஏற்றுமதியான இரப்பர்மீது விதிக்கப்பட்ட தீர்வையிலிருந்து வந்தது. பால் வெட்டியவர் கூலியைக் கணக்கிட்ட ஏடுகளில் இந்தப் பங்கு எங்கும் எழுதப்படவில்லை.

பாலம் திறந்தபொழுது, பகாவ் தோட்டங்கள் பலவற்றில் பால்மரம் வீழ்ந்து செம்பனை நின்றது. பிரட்டுக்கு நின்றோரின் பேரர் பலர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்திருந்தனர்.