திருத்தணி வட்டாரப் பாறைகளும் உயிரினப் பேரழிவுகளின் வரலாறும்

திருத்தணிக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நகரி மலை குவார்ட்சைட் பாறையால் ஆனது. கடப்பைப் படுகையில் மணலாகப் படிந்து இறுகிய அந்தப் பாறைக்கு நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது. விலங்கினம் எதுவும் அப்போது தோன்றியிருக்கவில்லை. தென்கிழக்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் வடகிழக்கே சத்தியவேடு பக்கமும் கிடக்கும் களிப்பாறையும் மணற்கல்லும் கூழாங்கல் திரளையுமோ சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தபோது வரைந்த மாநில எல்லைக்கு இருபுறமும் இதே படிவுகள் தொடர்கின்றன.

1982இல் டேவிட் ரூப்பும் ஜாக் செப்காஸ்கியும் கடல் உயிரினங்களின் தொல்லெச்சப் பதிவுகளைத் தொகுத்து ஐந்து பேரழிவுகளை அடையாளம் காட்டினர். அவற்றுள் முதல் நான்கும் மேற்சொன்ன இரு பாறைகளுக்கும் இடைப்பட்ட காலத்தவை. ஐந்தாவது இரண்டுக்கும் பிந்தியது. ஆக, எந்தப் பேரழிவின் கணத்தையும் பதிவுசெய்த பாறை இவ்வட்டாரத்தில் இல்லை. ஆனால் மூன்றாவது பேரழிவுக்கு, எது இங்கே கிடைக்கவில்லை என்பதே சாட்சி.

இதை உணர வழிவகுத்தவர் இந்திய நிலவியல் ஆய்வகத்தின் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்திலும் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டவராகவே தமிழர்கள் அவரை அறிவர். அதே மனிதர் பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வட ஆர்க்காடு மாவட்டங்களின் நிலவியலை ஆராய்ந்து 1873இல் வெளியிட்டார். அந்த உழைப்புக்கு உரிய புகழ் இன்னும் வந்து சேரவில்லை என்பது என் எண்ணம். ஸ்ரீபெரும்புதூர், சத்தியவேடு படிவுகளின் தாவரப் பதிவுகளை 1879இல் ஒட்டோகார் ஃபைஸ்ட்மான்டல் விரிவாக விளக்கினார். டைலோஃபில்லம் போன்ற, சைக்கஸ் இலையை ஒத்த இலைகளும் ஊசியிலை மரங்களின் கிளைகளும் பெரணிகளும் அங்கே உண்டு. குளோசாப்டெரிஸ் இல்லை.

குளோசாப்டெரிஸ் சாதாரணத் தாவரம் அன்று. கோண்டுவானா என்ற பண்டைப் பெருநிலமெங்கும் காடாக நின்று, இன்றைய ஜாரியா, ராணிகஞ்ச், சிங்கரேணி நிலக்கரியாக மாறியது அதுவே. சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த மூன்றாவது பேரழிவில், சைபீரிய எரிமலைக் குழம்பு வெள்ளத்தால் காற்றும் கடலும் வெப்பமேறி, கடல் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் மறைந்தபோது அந்தக் காடுகளும் வீழ்ந்தன. வேறு தாவரக் கூட்டம் அந்த இடத்தைப் பிடிக்க நெடுங்காலம் ஆயிற்று. ஸ்ரீபெரும்புதூர் இலைகள் அப்படி வந்த கூட்டத்தின் வாரிசுகள்.

ஐந்தாவது பேரழிவைக் காண அரியலூருக்குப் போக வேண்டும். அங்கே 1840களில் கேயும் கன்லிஃபும் திரட்டிய சிப்பிகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார். 1862இல் பிளான்ஃபோர்ட் அடுக்குகளை வகுத்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிரினங்களைப் பற்றிய பெருந்தொகுதிகளை எழுதினார். அரியலூர்ப் படிவுகளில் அம்மோனைட்டுகள் என்னும் கடலுயிரிகள் நிறைந்திருக்க, அவற்றுக்கு மேலுள்ள நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் அவை இல்லை. அந்த மாற்றத்துக்கு விடை தேடும் வழி திறந்தது 1980இல்தான். ஆல்வாரெஸ் குழு இரிடியம் செறிந்த மெல்லிய களிமண் படலத்தைக் கொண்டு விண்கல் மோதலை முன்வைத்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்த அழிவில் தக்காண எரிமலைக் குழம்புக்குப் பங்கு உண்டா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அக்குழம்பு ராஜமுந்திரி வரை ஓடிவந்தது. அங்கே எரிமலைப் பாறை அடுக்குகளுக்கு இடையில் உள்ள கடற்படிவுகளைக் கெர்டா கெல்லர் குழு ஆராய்ந்து, குழம்பின் காலத்தை அந்த அழிவின் காலத்துக்கு அருகில் வைத்தது.

அரியலூருக்கு அருங்காட்சியகமும் பெயரும் கிடைத்துவிட்டன. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டையாகிவிட்டது. கிணறு வெட்டும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ இலைப்பதிவுள்ள களிப்பாறைத் துண்டு கிடைத்தால், அதை உடைக்காமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, சென்னைப் பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ இந்திய நிலவியல் ஆய்வகத்துக்கோ தெரிவியுங்கள்.