சிறகை உதிர்த்த ஈ

ஒரு பூச்சிக்கு "நம்ப முடியாதது" என்றே விஞ்ஞானப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? ஸ்ட்ராஷிலா இன்கிரெடிபிலிஸ் என்பது அதன் பெயர். ஸ்ட்ராஷிலா ரஷ்யச் சொல். அச்சமூட்டும் உருவம் என்று பொருள். பூச்சாண்டி என்று நாம் வைத்துக்கொள்ளலாம். பின்பாதி இலத்தீன் மொழி. நம்ப முடியாதது என்று பொருள்.

பெயர் சூட்டியவர் மாஸ்கோவின் தொல்லுயிரியல் நிலையத்தைச் சேர்ந்த ராஸ்னிட்சின் என்ற அறிஞர். சைபீரியாவின் ஜுராசிக் காலப் பாறையில் பதிந்திருந்த ஒரு படிவத்தைக் கொண்டு 1992-ல் அவர் இதை விவரித்தார். உருவம் சில மில்லிமீட்டர்தான். ஆனால் பின்கால்களைப் பாருங்கள்! உடம்புக்குப் பொருந்தாத பருமன். நுனியில் இடுக்கி போன்ற அமைப்பு. வயிற்றின் இரு பக்கங்களிலும் மடல்கள். சிறகு இல்லை. இதை எந்தப் பூச்சி வரிசையில் சேர்ப்பது? தெள்ளுப்பூச்சிக்கு உறவாக இருக்கலாம் என்று அவர் கருதினார். அந்த நாளில் வானில் பறந்துகொண்டிருந்த டெரோசார் என்னும் ஊர்வன விலங்கின் மயிரை இடுக்கியால் பற்றிக்கொண்டு இரத்தம் உறிஞ்சிய ஒட்டுண்ணியாக இருந்திருக்கலாம் என்ற கருத்தும் எழுந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ராஸ்னிட்சின் தம் கட்டுரையின் தலைப்பிலேயே "புதிரான பூச்சி" என்றும், தெள்ளுப்பூச்சி உறவு "இருக்கக்கூடியது" என்றும்தான் எழுதினார். அந்த எச்சரிக்கை பின்னால் வந்தவர்களிடம் மெல்லத் தேய்ந்துபோயிற்று.

2010-ல் சீனாவில் கிடைத்த இதே இனத்துப் படிவங்களைக் கொண்டு இவற்றுக்கென்று ஒரு புதிய வரிசையையே மூன்று அறிஞர்கள் உண்டாக்கினர். வரிசை என்றால் சிறிய விஷயமா? வண்டுகள் அனைத்தும் ஒரு வரிசை. பட்டாம்பூச்சிகளும் விட்டில்களும் சேர்ந்து ஒரு வரிசை. நக்ரிட்லெடியா என்று அவர்கள் இட்ட பெயருக்குச் சுலோவாக் மொழியில் "சிறகின்மேல்" என்று பொருள். அதாவது டெரோசாரின் சிறகு. அதோடு நிற்கவில்லை. இந்த ஒட்டுண்ணிகள் இருந்ததிலிருந்து டெரோசார்கள் வெப்ப இரத்தப் பிராணிகள், கூட்டமாக வாழ்ந்தவை என்றும் வாதித்தார்கள். சில மில்லிமீட்டர் பூச்சியின் காலில் தொடங்கி ஒரு விலங்குக் குலத்தின் இரத்தச் சூடுவரை போய்விட்டது கதை!

சீனப் படிவங்கள் கிடைத்த இடம் உள்மங்கோலியாவிலுள்ள தாவோஹுகோ. எரிமலைச் சாம்பல் ஏரியில் படிந்து இறுகிய அடுக்குகள். சாம்பல் மிக நுண்ணியது. ஆகவே பூச்சியின் மயிர்கூட அச்சுப் பதித்தாற்போல் நிற்கிறது. வயது ஏறத்தாழ 16.5 கோடி ஆண்டுகள். இந்த எண் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நான் பௌதிகம் கற்பிப்பவன். இதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. எரிமலைப் பாறையிலுள்ள பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணுவின் அரை ஆயுள் 125 கோடி ஆண்டுகள். ஆகவே 16.5 கோடி ஆண்டுகளில் நூற்றில் சுமார் 9 அணுக்கள்தாம் சிதையும். அந்த ஒன்பதிலும் பெரும்பாலானவை கால்சியமாகும்; ஏறத்தாழ ஒன்றுதான் ஆர்கான் வாயுவாகும். பாறைக்குள் சிறைப்பட்ட அந்த ஒன்றை எண்ணித்தான் காலத்தைக் கணக்கிடுகிறார்கள். யுரேனியம் காரீயமாக மாறும் அளவைக் கொண்டு செய்யும் கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது.

இனி கதைக்கு வருவோம். 2013-ல் ஹுவாங், நெல், எங்கல் முதலியோர் தாவோஹுகோவிலிருந்து ஒரு புதிய சிற்றினத்தை விவரித்தனர். பெயர் ஸ்ட்ராஷிலா தாவோஹுகோயென்சிஸ். இவர்கள் ஒட்டுண்ணிக் கருத்துக்கு விரோதிகள் அல்லர். முந்திய ஆண்டில்தான் இதே ஹுவாங் குழு, 2 சென்டிமீட்டர்வரை வளர்ந்த இராட்சதத் தெள்ளுப்பூச்சிகளை அதே ஊர்ப் பாறையிலிருந்து வெளியிட்டிருந்தது. இம்முறை அவர்களிடம் ஒன்றல்ல, பல படிவங்கள் இருந்தன. சிலவற்றில் பெரிய மெல்லிய சிறகுகள் தெளிவாகத் தெரிந்தன. ஆணும் பெண்ணும் இணைந்த நிலையிலேயே பதிந்த படிவங்களும் இருந்தன. பருத்த பின்கால் ஆணுக்கு மட்டும்தான்; பெண்ணின் கால் மெலிந்தது.

சற்று யோசியுங்கள். இரத்தம் குடிக்க மயிரைப் பற்றும் கருவி என்றால், முட்டையிட வேண்டிய பெண்ணுக்கன்றோ அது முதலில் வேண்டும்? கொசுக்களில் நம்மைக் கடிப்பது பெண்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

வயிற்றுப்பக்க மடல்கள் என்ன? புழுப் பருவத்தில் நீருக்குள் சுவாசிக்க உதவிய செவுள்கள். ஆண் பூச்சி வளர்ந்த பிறகும் அவற்றைக் களையவில்லை. தவளை, தலைப்பிரட்டையின் செவுளை வைத்துக்கொண்டே குதித்துத் திரிந்தால் எப்படியிருக்கும்? கூட்டுப்புழுப் பருவம் கடந்து வளரும் பூச்சிகளில் இதற்கு நிகரான வேறு உதாரணம் தெரியவில்லை என்று அவர்கள் எழுதினர்.

ஆக, பூச்சாண்டி இரு சிறகுப் பூச்சி வரிசையைச் சேர்ந்த ஓர் ஈ. புதிய வரிசைக்கு வேலையில்லாமல் போயிற்று. இதன் உறவினர் இன்றும் உண்டு. நிம்ஃபோமையா என்ற, 2 மில்லிமீட்டர் அளவுள்ள நீர் ஈக்கள் அவை. முதன்முதலில் 1932-ல் ஜப்பானில் விவரிக்கப்பட்டன. இமயமலை ஓடைகளிலும் இருக்கின்றன. இவை இணைந்தபின் சிறகை உதிர்த்துவிட்டு, சோடியாகவே நீருக்குள் ஊர்ந்து போகின்றன. 1992-ல் படிவத்தில் சிறகு இல்லாததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? பிறவியிலேயே சிறகில்லாத பூச்சி அல்ல அது, உதிர்த்துவிட்ட பூச்சி.

பெயரிடும் விதிகளின்படி முதலில் வைத்த பெயருக்கே உரிமை. எனவே ராஸ்னிட்சின் சூட்டிய ஸ்ட்ராஷிலா அப்படியே நிலைத்திருக்கிறது.

ஒரு வேடிக்கை பாக்கி. அடுத்த ஆண்டே, 2014-ல், அதே தாவோஹுகோவிலிருந்து உண்மையான ஒட்டுண்ணி ஈயின் புழு ஒன்று விவரிக்கப்பட்டது. கியியா ஜுராசிகா என்பது பெயர். சீன மொழியில் கியியி என்றால் விசித்திரம். இது டெரோசாரைத் தேடிப் பறக்கவில்லை. ஏரியில் வாழ்ந்த சாலமாண்டர்களின் தோலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்தது என்கிறார்கள். மார்பின் அடியில் ஒரு வட்டமான உறிஞ்சு தட்டு. அதில் ஆரங்களைப் போல ஆறு வரம்புகள். அந்தத் தட்டு கல்லில் கண்கூடாகத் தெரிகிறது.