லூகர் கைத்துப்பாக்கியும் அதனை வாங்குவோரும்

அமெரிக்காவின் சிறு நகரங்களில் வார இறுதியிற் கூடும் துப்பாக்கிச் சந்தைகளில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். மேசைமேல் விரித்த துணியிற் கறுத்த கைத்துப்பாக்கி ஒன்று கிடக்கும். வாங்க வந்தவர் அதனை நீட்டிக் குறிபார்ப்பதில்லை. உரியவரின் இசைவைப் பெற்று, அதனைத் திருப்பித் திருப்பி, உருப்பெருக்குக் கண்ணாடியினூடே அதன் உறுப்புகளிற் பொறித்த சிற்றெண்களைப் படிக்கின்றார். துப்பாக்கி நன்றாகச் சுடுமா என்பது அவருக்கு இரண்டாவது வினா. தொழிற்சாலையை விட்டு அது புறப்பட்ட நாளில் இருந்த உறுப்புகள்தாம் இன்றும் அதில் இருக்கின்றனவா என்பதே முதல் வினா.

இவ்வாறு தேடி வாங்கப்படும் பழைய அரைத்தன்னியக்கக் கைத்துப்பாக்கிகளுள் முன்வரிசையில் நிற்பது லூகர். அதன் மூலம் லூகர் என்பவரிடமிருந்து தொடங்கவில்லை. ஹூகோ போர்சார்ட் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர் 1893ஆம் ஆண்டிற் பேர்லின் நகரத்து லூட்விக் லேவ நிறுவனத்துக்காக ஒரு கைத்துப்பாக்கியை அமைத்தார். திறமையான அமைப்புத்தான், ஆனால் பின்புறம் நீண்டு பருத்து, கையில் அடங்காததாய் இருந்தது. அதனைச் சுருக்கிச் சீர்செய்தவரே கேயோர்க் லூகர். 1849இல் ஒஸ்திரியாவின் திரோல் பகுதியிற் பிறந்த இவர், 1898இல் தம் திருத்தங்களுக்குக் காப்புரிமை பெற்றார். சுவிற்சர்லாந்துப் படை 1900இலும், ஜேர்மன் கடற்படை 1904இலும், ஜேர்மன் தரைப்படை 1908இலும் இதனை ஏற்றுக்கொண்டன. ஜேர்மானியர் இதனைப் 'பரபெல்லம்' என்றே வழங்கினர். போருக்கு ஆயத்தஞ் செய் என்பது அந்த இலத்தீன் தொடரின் பொருள். லூகர் என்ற பெயரை உலகெங்கும் பரப்பியவர்கள் அமெரிக்கர்களே.

இதன் பொறி மனிதனின் முழங்காலை ஒத்தது. சுடும்போது குழலும் அதன் பின்னுள்ள மூட்டும் சேர்ந்து சிறிது பின்வாங்கும். அடுத்த கணம் மூட்டு மேனோக்கி மடியும். வெற்று ரவைக்கோது வெளியே வீசப்படும். பின்னர்ச் சுருள்வில் இழுக்க மூட்டு நிமிர்ந்து, கைப்பிடிக்குள் இருக்கும் எட்டு ரவைகளில் அடுத்ததைக் குழலுக்குள் தள்ளும். காண அழகிய இயக்கம், செய்யவோ கடினமானது. உறுப்புகள் மயிரிழை பிசகாது பொருந்த வேண்டும். அக்காலத்தில் அப்பொருத்தம் வேலையாளின் அரத்தினாலும் கையினாலுமே கிட்டியது. ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றிற் சரியாக அமையுமென்பதற்கு உறுதியில்லை. பாசறையிற் பல துப்பாக்கிகளை ஒன்றாகக் கழற்றித் துடைக்கும் வீரர்கள் அவற்றை மாற்றிப் பூட்டிவிடக்கூடும் அல்லவா? ஆகவேதான் துப்பாக்கியின் முழு எண்ணைப் பெரிய உறுப்புகளிலும், அவ்வெண்ணின் இறுதி இரு இலக்கங்களைச் சிறிய உறுப்புகளிலும் பொறித்தனர். ரவைக் கூட்டின் அடியிலுங்கூட எண் இருந்தது. படைக்கலச் சாலையின் வசதிக்காக இட்ட அந்த எண்களே இன்று விலையை நிர்ணயிக்கின்றன. எல்லா எண்களும் ஒத்த துப்பாக்கிக்கும், ஒரு சிறு உறுப்பு மாறிய துப்பாக்கிக்கும் இடையே பெரும் விலை வேறுபாடு உண்டு. இதனாலேயே சேகரிப்போர் பலர் தாம் வாங்கிய துப்பாக்கியைச் சுடுவதேயில்லை. ஒரு சிறு துண்டு முறிந்தால் அதே எண்ணுடன் வேறொன்று எங்கே கிடைக்கும்?

எண்ணை அடுத்து ஆராயப்படுவது ஆண்டும் குறியும். முதலாம் உலகப் போர்க் காலத்துத் துப்பாக்கிகளில் ரவை தங்கும் அறையின்மேல் 1914, 1917 என ஆண்டு காணப்படும். சிலவற்றில் அதனுடன் 1920 என்பதும் சேர்ந்திருக்கும். புதிதாக வாங்க வருபவர் இதனைப் போலி வேலை என ஐயுறுவார். அஃது ஐயுறவன்று, வரலாறு. தோல்வியின்பின் நாட்டிற் சிதறிக்கிடந்த ஆயுதங்களை அரசு திரும்பப் பெற்றபோது, படையின் உடைமையாக நிலைத்தவற்றை அவ்வாண்டினைப் பொறித்து வேறுபடுத்தினர்.

1930இல் இத்தொழில் ஓபர்ண்டோர்ஃப் நகரத்து மௌசர் தொழிற்சாலைக்கு மாறியது. இட்லரின் ஆட்சி தொடங்கியபின் அங்கே செய்த துப்பாக்கிகளில் செய்தவர் பெயருமில்லை, ஆண்டுமில்லை. 'எஸ் 42' என்ற குறியும், 1934க்குக் 'கே', 1935க்கு 'ஜீ' என்ற தனியெழுத்தும் மட்டுமே உண்டு. வெர்சாய் உடன்படிக்கை தடுத்த படைப்பெருக்கத்தை உலகம் அறியாதபடி மறைத்த காலம் அது. 1935இல் உடன்படிக்கையை வெளிப்படையாகவே உதறிவிட்டபின், 1936 முதல் ஆண்டினை மறைக்க வேண்டியிராமற் போயிற்று. ஒரு வல்லரசின் வஞ்சகம் விரலகல இரும்பில் எழுதப்பட்டிருப்பதை இவ்விடத்தே படிக்கலாம். 1938இல் வால்தர் கைத்துப்பாக்கி படையில் இடம்பெற்றது. 1942 அளவில் லூகர் உற்பத்தி ஓய்ந்தது.

இரு போர்களிலும் அமெரிக்க வீரர்கள் பெரிதும் விரும்பிய நினைவுப்பொருள் இதுவே. இரண்டாம் போரின் முடிவில், கொண்டுசெல்ல இசைவளித்து மேலதிகாரி கையொப்பமிட்ட தாளுடன் பலர் இதனை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். இன்று அத்தாள் துணையாயிருப்பின் விலை ஏறும். கிழக்கு முனையிற் சோவியத் படை கைப்பற்றியவற்றின் கதி வேறு. அவற்றைக் கழற்றி, உறுப்புகளைக் கலந்து பூட்டி, மீண்டும் கருமையேற்றிக் களஞ்சியங்களில் அடுக்கினர். பல ஆண்டுகளின்பின் அவற்றுட் பல இறக்குமதி வணிகரின் முத்திரையுடன் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. சுடுவதற்கு அவை போதும். சேகரிப்போர் கண்ணுக்கு அவை தாழ்ந்தவையே.

விலை இருக்குமிடத்துக்குக் கள்ளமும் வந்து சேரும். பழைய எண்ணை அராவிவிட்டுப் புதிய எண்ணைப் பொறிப்போர் உளர். வான்படைக்காகக் கிரீக்கோஃப் நிறுவனம் சிறு தொகையாகச் செய்த அருமையான துப்பாக்கியின் குறியைப் பொதுத் துப்பாக்கியில் இடுவோரும் உளர். தேய்ந்த துப்பாக்கிக்குப் புதுக் கருமை பூசுவது மிக எளிய கள்ளம். அதனைக் கண்டுகொள்ளவும் வழியுண்டு. மெருகிட்டால் எழுத்தின் விளிம்பு மழுங்கும், கூரிய மூலைகள் உருளும். பழைய துப்பாக்கிகளில் விசை முதலிய சிற்றுறுப்புகளைச் சூடாக்கி வைக்கோல் நிறம் ஏற்றியிருந்தனர். அவையும் கறுத்திருந்தால் பின்னாளில் ஒருவர் கைவைத்திருக்கிறார் என ஐயுற இடமுண்டு. எனினும் 1937 அளவில் மௌசர் சாலையே முறையை மாற்றிச் சிற்றுறுப்புகளையும் கறுப்பாக்கத் தொடங்கியதால், காலமறியாது முடிவுகட்டுவோர் ஏமாறுவர்.

அருமையின் உச்சம் 1907இல் அமெரிக்கப் படையின் சோதனைக்கென 45 அளவில் லூகர் செய்துகொடுத்த சில துப்பாக்கிகள். அடுத்து இருநூறு அனுப்புமாறு கேட்டபோது ஜேர்மன் நிறுவனம் பின்வாங்கியது; இறுதியில் 1911இற் கோல்ட் துப்பாக்கி அப்படையில் இடம்பெற்றது. எஞ்சிய லூகர்களுள் ஒன்று 2010இல் ஏலத்தில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று.

வாங்குவதற்குச் சட்டமும் உண்டு. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, ஐம்பது ஆண்டு கடந்த, உருமாறாத துப்பாக்கிகள் அரும்பொருட் பிரிவிற் சேர்கின்றன. அதற்கென உரிமம் பெற்ற சேகரிப்போர், வாங்கியதையும் விற்றதையும் நாளும் எண்ணுமிட்டு ஏட்டிற் பதிந்துவரக் கடமைப்பட்டவர்.

விரும்பித் தேடப்படும் மற்றொரு பெயர் சிம்சன். தூரிங்கியா மாநிலத்திலுள்ள சூல் நகரில் 1856இல் யூத சகோதரர் இருவர் தொடங்கிய நிறுவனம் அது. வெர்சாய் உடன்படிக்கை ஜேர்மன் படையை ஓர் இலட்சம் பேராகச் சுருக்கியபின், அப்படைக்குக் கைத்துப்பாக்கி வழங்கும் உரிமை இந்நிறுவனத்துக்கே கிடைத்தது. நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் அதுவே குற்றமாயிற்று. 1935இல் நிறுவனத்தைக் குடும்பத்தாரிடமிருந்து பறித்தனர். ஆதர் சிம்சன் சிறையிலிருந்தவாறே கையெழுத்திட வேண்டியதாயிற்று. மறு ஆண்டு அக்குடும்பத்தினர் நாட்டை விட்டகன்று, முடிவில் அமெரிக்கா சேர்ந்தனர். அவர்கள் பெயர் பொறித்த துப்பாக்கிகளோ படையிற் பணியாற்றியபடியே இருந்தன. அவற்றுட் சில, போர் முடிந்தபின் அமெரிக்க வீரரின் மூட்டையில் அதே நாட்டுக்குச் சென்றன. இன்று அத்தகைய ஒன்றை மேசைமேற் காணும் சேகரிப்பாளர் விளக்கருகே அதனைச் சாய்த்து, மூட்டின் மேலுள்ள அப்பெயரின் எழுத்துகள் கூர்மையாக நிற்கின்றனவா, மெருகில் மங்கிவிட்டனவா என்றே முதலிற் பார்க்கின்றார்.