உப்பு செய்த வம்பு

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். உப்பு பட்டதால் குப்பைக்குப் போன பண்டமும் ஒன்று உண்டு, தெரியுமா? அதுதான் டிரான்சிஸ்டர்! அந்தக் கதையைக் கேளுங்கள்.

1959ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், எகிப்தில் பிறந்த முகம்மது அட்டாலாவும் கொரியாவில் பிறந்த டாவோன் காங்கும் புதுவகை டிரான்சிஸ்டர் ஒன்றை உருவாக்கினார்கள். அடியில் சிலிக்கன், மேலே உலோகத் தகடு, இரண்டுக்கும் நடுவே கண்ணாடி போன்ற சிலிக்கன் ஆக்சைடு ஏடு. தகட்டில் மின்னழுத்தம் கொடுத்தால் அடியில் மின்சாரம் ஓடும், எடுத்தால் நின்றுவிடும். குழாயைத் திறந்து மூடுவது மாதிரிதான்! நடுவிலுள்ள ஏடு, மின்சாரத்தைக் கடக்கவிடாத காவல்காரன்.

வம்பு எங்கே வந்தது? செய்து முடித்தபோது ஒழுங்காக இருந்த கருவி, சூடும் மின்னழுத்தமும் பட்டதும் குணம் மாறியது. திறக்க வேண்டிய அளவில் திறக்கவில்லை; மூட வேண்டியபோது மூடவில்லை. என்னடா இது என்று எல்லாரும் திகைத்தார்கள்.

ஃபேர்சைல்டு நிறுவனத்தின் ஆண்ட்ரூ குரோவ், புரூஸ் டீல், எட்வர்ட் ஸ்னோ, சி. டி. சா ஆகிய நால்வரும் துப்புத் துலக்கி, 1965இல் முடிவை வெளியிட்டார்கள். குற்றவாளி யார்? சோடியம்! நம் சமையல் உப்பில் இருக்கிறதே, அதேதான். உலையிலும் ரசாயனத்திலும் மனிதரின் கைவேர்வையிலும் ஒட்டிவந்த சோடியம், நேர்மின்னேற்றத்தோடு ஏட்டுக்குள் நகர்ந்து கணக்கைக் கெடுத்தது. பிறகுதான் தூய்மை கடுமையாயிற்று. சோடியத்தைப் பிடித்துவைக்கப் பாஸ்பரஸ் கலந்த கண்ணாடிப் படலமும் பயன்பட்டது.

ஏட்டில் சேரும் மின்னேற்றம் நான்கு வகை என்று 1980இல் டீல் பெயர்களை ஒழுங்குபடுத்தினார்: நகர்வது, நிலைத்திருப்பது, ஏட்டுக்குள் சிக்கிக்கொள்வது, சிலிக்கனும் ஏடும் சேருமிடத்தில் ஒட்டிக்கொள்வது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1968, 69ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நிறுவனங்கள் சிங்கப்பூரில் சிப்புக் கூடங்கள் திறந்தன. உருப்பெருக்கியில் கண்பதித்து, மயிரினும் மெல்லிய தங்கக்கம்பியை இணைத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. 1984இல் சிலிக்கன் வில்லையிலேயே சுற்றுகளைப் பதிக்கும் ஆலை அங் மோ கியோவில் வந்தது. சிப்புகள் ஏன் பழுதாகின்றன என்று ஆராயும் அனைத்துலக மாநாடும் 1987இல் இங்கேதான் தொடங்கியது. பூன் லேயில் 179ஆம் எண் பேருந்து ஏறினால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வந்துவிடும். அங்கேயும் இந்த ஏடுகள் எப்படி உடைகின்றன என்ற ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

தொடக்கத்தில் ஏட்டின் தடிப்பு சுமார் 100 நானோமீட்டர். 2003 வாக்கில் 1.2 நானோமீட்டர், ஏறக்குறைய ஐந்தே அணு அடுக்கு! அடேயப்பா! அவ்வளவு மெலிந்ததும் மின்சாரம் கசிந்தது. ஆகவே 2007இல் இன்டெல் நிறுவனம் ஹாஃப்னியம் கலந்த ஏட்டுக்கு மாறியது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? நோயாளியின் நெஞ்சுக்குள் வைத்த இதயத்துடிப்புக் கருவியிலும், வானில் பறக்கும் விமானத்திலும் இதே ஏடுகள்தான் காவல் நிற்கின்றன. காவல்காரன் கண்ணயர்ந்தால் உயிருக்கே ஆபத்து. 'ஒரு துளி வேர்வைதானே' என்று அலட்சியம் செய்யாமல் தேடியவர்களால்தான் அந்தக் கருவிகளை நம்புகிறோம். உங்கள் பாடத்திலும் சிறு பிழைதானே என்று விட்டுவிடாதீர்கள். ஏன் வந்தது என்று தேடுங்கள்!