பொத்தேரி மண்ணும் திருவல்லிக்கேணி பெரிய மசூதியும்

சென்னையைச் சுற்றிப் பார்க்க விருந்தினர் வந்தால் மெரினா, மயிலாப்பூர், தி. நகர் என்று கிளம்பிவிடுகிறோம். அடுத்த முறை திருவல்லிக்கேணி பெரிய மசூதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாலாஜா பள்ளிவாசல் என்றும் சொல்வார்கள். அதற்கும் நம் பொத்தேரிக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு.

ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1749-இல் பதவிக்கு வந்தார். எதிரி சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை நின்றார்கள்; இவருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி. போரில் வென்றது நவாப், ஆனால் செலவுக் கணக்கை எழுதியது கம்பெனி. கடன் ஏறிக்கொண்டே போயிற்று. 1763-இல் செங்கல்பட்டைச் சுற்றிய நிலப்பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக்கொடுத்தார். இன்று நாம் வீடு வாங்கிக் குடியிருக்கும் இந்தப் பக்கத்து மண்ணின் வரி அப்படித்தான் கம்பெனி கைக்குப் போனது. செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதையில் வரும் வாலாஜாபாத் அவர் பெயரைத் தாங்கிய ஊர்தான்.

1768-இல் அவர் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையும் குடும்பத்தில் நிலைக்கவில்லை. 1801-இல் ஆட்சி கம்பெனிக்குப் போயிற்று. 1855-இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும் பட்டமும் போயிற்று. அரண்மனை அரசு அலுவலகமானது.

அவர் இறந்த 1795-ஆம் ஆண்டில் எழுந்த பள்ளிவாசல் மட்டும் கட்டிய நோக்கத்துக்கே இன்றும் பயன்படுகிறது. சாம்பல் நிறக் கருங்கல், இரண்டு உயர்ந்த மினார்கள், பெரிய முற்றம். கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகச் செய்யுள் ஒன்று கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 வரும். அதை இயற்றியவர் நவாபின் செயலாளர் ராஜா மக்கன்லால் என்ற இந்து. இன்றைக்கும் ரம்ஜான் மாதத்தில், மயிலாப்பூரிலுள்ள சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் இங்கே நோன்பு திறக்க உணவு பரிமாறுகிறார்கள். பிரிவினையில் ஊரை இழந்து வந்தவர் தொடங்கிய அமைப்பு அது.

போவது சுலபம். பொத்தேரியில் கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்குங்கள். எதிரே பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்தால் சேப்பாக்கம். அங்கிருந்து வாலாஜா சாலையில் மேற்கே நடந்து, திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இடப்பக்கம் திரும்புங்கள். மேன்ஷன்களும் கடைகளும் ஹாரன் சத்தமுமாக நெருக்கும் தெரு அது. பள்ளிவாசல் முற்றத்தில் கால் வைத்ததும் அந்த இரைச்சல் அடங்குவதை உணர்வீர்கள்.

வெள்ளிக்கிழமை மதியத்தையும் தொழுகை நேரங்களையும் தவிருங்கள். வாசலில் அனுமதி கேளுங்கள். செருப்பைக் கழற்றி, கை கால் மறைக்கும் உடையில் செல்லுங்கள். உடன் வரும் பிள்ளைகளுக்கு ஜாகீர் கதையையும் சொல்லுங்கள்: கடனுக்கு எழுதிக்கொடுத்த மண் நம் காலடியில் இருக்கிறது, கொடுத்தவர் காலத்துப் பள்ளிவாசலில் இன்றும் ஐந்து வேளை பாங்கு ஒலிக்கிறது.