புல்மோட்டைக் கருமணலும் மூவர் கூட்டும்

திருகோணமலையினின்று வடக்கே கரைவழி செல்வார், கொக்கிளாயை அணுகுமுன் வெண்மணலுக்கிடையே கரிய மணற்படுகையொன்றைக் காண்பர். அதுவே புல்மோட்டை. ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீண்ட இப்படுகையிற் பெரும்பாகம் இல்மனைற்று. உரூற்றைலும் சேர்க்கனும் சிறுபான்மை. உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து ஆற்றோடு வந்தவற்றுள் இலேசானவற்றை அலை அள்ளிச் செல்ல, பாரமானவை கரையில் எஞ்சின. நம் பெண்டிர் சுளகினாற் செய்வதையே கடல் இங்கு செய்தது.

1957 இல் அரசு கனிப்பொருள் மணற் கூட்டுத்தாபனத்தை நிறுவிற்று. பிரித்தெடுத்த இல்மனைற்று யப்பான் முதலிய நாடுகட்குக் கப்பலேறிற்று. கொழும்பில் 1942 முதற் பல்கலைக்கழகமும், 1955 முதல் விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவகமும் இருந்தன. எனினும் மணல் மணலாகவே விலைபோயிற்று.

காரணம் அறிவுக்குறை அன்று. தூய இல்மனைற்றில் 52.6 வீதம் தைத்தேனியமீரொட்சைட்டு. தீந்தைக்கும் கடதாசிக்கும் வெண்மை தருவது இதுவே. கந்தகவமிலத்தாற் கரைத்துப் பிரிக்கும் முறை மாணவரும் அறிந்தது. ஆனால் ஆலையளவிற் செய்யுங்கால் பெரசுச் சல்பேற்றும் ஐதான அமிலமும் மலைபோற் கழிவாகின்றன. அதற்குப் பெருமுதலும் பட்டறிவும் வேண்டும். திருவிதாங்கூர் மன்னரரசு 1946 இல் தைத்தேனியத் தொழிற்சாலைக்கென நிறுவனம் அமைத்தபோது, பிரித்தானியக் கம்பெனியொன்றின் தொழினுட்பத்தைத் துணைக்கொண்டது இதனாலேயே. மூலப்பொருளோ நம்முடையதை ஒத்த கேரளக் கடற்கரை மணல்!

நம் நாட்டிற் போர் குறுக்கிட்டது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைற்று ஏற்றிநின்ற கப்பல் தாக்கப்பட்டது. சீன மாலுமிகள் சிலர் உயிரிழந்தனர்.

2008 இல் உருவான இலங்கை நனோத் தொழினுட்ப நிறுவகமே மூவர் கூட்டின் முதற் பெருமுயற்சி எனலாம். அரசின் சார்பில் தேசிய விஞ்ஞான மன்றமும், பிராண்டிக்ஸ், டயலொக், ஹேலீஸ், லோட்ஸ்டார், எம்.ஏ.எஸ். ஆகிய கம்பெனிகளும் பங்காளராயின. பல்கலைக்கழக அறிஞர் ஆய்வில் இணைந்தனர். புல்மோட்டை இல்மனைற்று அவர்தம் ஆய்வுப்பொருள்களுள் ஒன்றாயிற்று. ஆசிரியன் தன் முடிபை வெளியிட விழைவான். வணிகன் மறைக்க விழைவான். காப்புரிமையை முதலிற் பெற்றுப் பின்னர் கட்டுரை வெளியிடுவதே இருவரையும் இணக்கும் வழி. யூரியாவை மெல்ல விடுவிக்கும் நனோவுரத்தில் இந்நிறுவகம் அவ்வாறே செய்தது. கட்டுரை 2017 இல் வெளிவந்தது.

ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. ஆடை, தொலைபேசி, ரயர் ஆகியவற்றில் வளர்ந்த முதலாளர், அமிலக் கழிவோடு பல்லாண்டு போராடும் பொறுமை உடையரோ? உரத்திற்கு ஆய்வுகூடம் பெரும்பாலும் போதும். தைத்தேனியத்திற்கு மாதிரியாலை வேண்டும். அச்செலவை அரசே முதலில் ஏற்றல் முறை என்பது என் கருத்து.

நிறுவகம் இருப்பதோ ஓமாகமவில். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமோ நிலாவெளிக் கோணேசபுரியில், புல்மோட்டைக்குச் செல்லும் வீதியருகே உள்ளது. மணல் ஏற்றிய பாரவூர்திகள் அவ்வழியே துறைமுகம் செல்லும்போது, உள்ளே பிரயோக விஞ்ஞான வகுப்புகள் நடைபெறுகின்றன.