கொல்லன் பட்டறையில் ஒரு காலயந்திரம்

முதலில் அது ஒரு ஃபிரிட்ஜாக இருந்தது. ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்துக்கு ராபர்ட் ஸெமெக்கிஸும் பாப் கேலும் எழுதிய ஆரம்பத் திரைக்கதையில், காலம் தாண்டப் போகிறவன் ஃபிரிட்ஜுக்குள் ஏற வேண்டும். படம் பார்க்கிற பிள்ளைகள் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டால் என்ன ஆவது என்ற பயம் வந்தது. சரி, காலயந்திரத்துக்குச் சக்கரம் வைத்துவிடலாம் என்று முடிவானது. 1985-ல் திரைக்கு வந்தது, கதவு சிறகுபோல மேலே விரியும் டிலோரியன் கார்.

அந்தக் காரின் ஜாதகத்தில் இரண்டே எண்கள். மணிக்கு 88 மைல் வேகம், அதாவது 142 கிலோமீட்டர். 121 கோடி வாட் மின்சாரம். 1990-ல் வந்த மூன்றாம் பாகத்தில் முதல் எண் காலை வாரிவிடுகிறது. காரைக் காலயந்திரமாக்கிய விஞ்ஞானி டாக் பிரவுனும் அவர் நண்பன் மார்ட்டியும் 1885-ல் மாட்டிக்கொள்கிறார்கள். மின்சாரத்துக்குக் குப்பையைத் தின்கிற கருவி காரில் இருக்கிறது. ஆனால் சக்கரம் சுழலப் பெட்ரோல்தான் வேண்டும். குழாய் கிழிந்து அது மொத்தமும் ஒழுகிப் போயிற்று. அந்தக் காலத்தில் பெட்ரோல் பங்குக்கு எங்கே போவது? குதிரைகளைப் பூட்டிப் பார்க்கிறார்கள், விஸ்கியை ஊற்றிப் பார்க்கிறார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் காரைத் தண்டவாளத்தில் ஏற்றி, பின்னாலிருந்து நீராவி எஞ்சினால் தள்ளுவது என்று ஏற்பாடு.

டாக் அங்கே கொல்லன் வேலை பார்க்கிறார். உலைக்காகத் தானே செய்து வைத்திருந்த எரிகட்டைகள் மூன்றை எஞ்சின் அடுப்பில் போடுகிறார்: பச்சை, மஞ்சள், சிவப்பு. ஒவ்வொன்றும் பற்றும்போது புகைபோக்கியில் அந்தந்த நிறத்தில் புகை கிளம்பும். எனக்கு இந்தத் தொடரிலேயே பிடித்த விஞ்ஞானம் இதுதான். பட்டறைக்காரன் மூளையில்தான் இப்படித் தோன்றும். நடித்த எஞ்சின் நிஜமானது: கலிபோர்னியாவின் சியரா ரயில்வே 3-ஆம் எண். அது செய்யப்பட்டது 1891-ல், கதை நடப்பது 1885-ல். காலப் பயணப் படத்தில் இதையெல்லாம் குற்றமாகப் பிடிக்கலாமா! பள்ளத்தில் விழுந்து நொறுங்கியது மட்டும் சிறிய மாதிரி.

மார்ட்டி 1985-க்குத் திரும்பிய கையோடு, எதிரே வந்த சரக்கு ரயில் காரைச் சுக்குநூறாக்குகிறது. அந்தச் சிதறல்களின் நடுவே நிற்கும்போதுதான், பழங்கால எஞ்சின் ஒன்று சூனியத்திலிருந்து தண்டவாளத்தில் வந்து இறங்குகிறது. ஓட்டி வருபவர், 1885-லேயே தங்கிவிட்ட டாக். அதுதான் அவருடைய புதிய காலயந்திரம்.

டிலோரியனில் இருந்தது இரண்டே இருக்கை. ஒண்டிக்கட்டையான ஒரு விஞ்ஞானிக்கும் அவர் நண்பனுக்கும் அது போதும். இப்போதோ டாக் குடும்பஸ்தர். மனைவி கிளாரா, ஜூல்ஸ், வெர்ன் என்று இரண்டு பையன்கள். விட்டுப்போன நாயையும் அழைத்துப் போக வந்திருக்கிறார். ரயில்தான் கட்டுப்படியாகும். பிள்ளைகளின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் ஜூல்ஸ் வெர்ன். டாக்கையும் கிளாராவையும் சேர்த்துவைத்ததே அந்த எழுத்தாளர்மேல் இருவருக்கும் இருந்த பைத்தியம்தான்.

வண்டியின் வடிவத்திலும் வெர்ன் வாடை அடிக்கிறது. 1880-ல் வெர்ன் எழுதிய ‘நீராவி வீடு’ நாவலில், கல்கத்தாவிலிருந்து கிளம்பும் வெள்ளைக்காரர்களின் வீட்டு வண்டிகளை நீராவியில் இயங்கும் இரும்பு யானை ஒன்று வட இந்தியாவில் இழுத்துச் செல்லும். டாக்கின் ரயிலும் அந்தச் சாதிதான்: மின்னணுச் சில்லு கிடைக்காத காலத்தில் இரும்பையும் பித்தளையையும் கொண்டு ஒருவர் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. கலை இயக்கம் ரிக் கார்ட்டர். ஓட்டுநர் அறையில் எங்கு பார்த்தாலும் குழாய், நெம்புகோல், அளவுமானி. நீராவியிலிருந்து 121 கோடி வாட் எப்படி வந்தது என்பதைப் படம் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் உதைக்கும். இந்த ரயில் பறக்கிறது, பறக்கும் வித்தையோ கொல்லன் பட்டறையில் கிடைக்காது. எதிர்காலத்துக்கா போகிறீர்கள் என்று மார்ட்டி கேட்கும்போது, அங்கே போய்விட்டுத்தான் வருகிறோம் என்கிறார் டாக். அடுத்த நொடி, இரும்புச் சக்கரங்கள் ஒவ்வொன்றாக மடங்கிப் படுக்கின்றன. ரயில் தண்டவாளத்தை விட்டு எழும்புகிறது.